பூரிக் கடலும் ஊர்த் தென்னையும்

எங்கள் குடும்பத்தில் ரெயில்வே பாஸுக்கு ஒரே திசைதான் தெரியும், அது தெற்கு. கரக்பூரில் வண்டி ஏறிச் சென்னை சென்று, அங்கிருந்து மற்றொரு வண்டி பிடித்து, வேதாரண்யத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரை அடைவோம். அங்கே கலியாணமோ, காதணி விழாவோ, கருமாதியோ காத்திருக்கும். தந்தையார் கரக்பூர்ப் பணிமனையில் வேலை பார்த்த காலம் முழுவதும் இப்படியே சென்றது. அவர் பணியிலிருக்கும்போதே காலமானார். அதன்பின், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டு அதே ரெயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. தலைமுறை மாறிற்று; பாஸின் திசை மாறவில்லை.

பூரி, கரக்பூரிலிருந்து ஏறக்குறைய 385 கிலோமீட்டர் தொலைவு. இரவு வண்டியில் ஏறினால் காலையில் கடலைக் காணலாம். எங்கள் தெருவிலுள்ள வங்காளிக் குடும்பங்களில் பூரி சென்று வராதவர் இல்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகளாகக் கரக்பூரில் வாழும் எங்கள் தாயார் மட்டும் அதைக் கண்டதில்லை. “வருகிற வருஷம் ஜகந்நாதரைச் சேவித்து வரலாம்” என்று தந்தையார் ஆண்டுதோறும் கூறுவார். அந்த வருஷம் பிறப்பதற்குள் ஊரிலிருந்து யாருடைய கலியாணப் பத்திரிகையாவது வந்து சேர்ந்துவிடும்.

சென்ற டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில், பள்ளி விடுமுறையை ஒட்டி, தாயார், இல்லத்தரசி, குழந்தைகள் இருவர் உட்பட நாங்கள் ஐவரும் பூரி சென்று நான்கு நாள் தங்கினோம். தாயாருக்குத் தனிப் பாஸ் உண்டு. கணவரை இழந்த மனைவியருக்கு ரெயில்வே அளிப்பது அது. ஊருக்குப் போவதற்கென்றே அதை அவர் சேமித்து வைப்பது வழக்கம். இம்முறை அதைப் பூரிக்கு எழுத அவர் ஒப்புக்கொண்டதே எங்களுக்கு வியப்பாக இருந்தது. ரெயில்வே ஊழியர்க்கென அங்குள்ள விடுமுறை இல்லத்தில் ஓர் அறையும் கிடைத்தது.

பூரியைப் பற்றி எழுதியவர் பலர். ஆகவே கோயிலையும் தேரையும் விரித்துரைக்கப் போவதில்லை. விடுமுறையின் கடைசி நாளைப் பற்றியும், வீடு திரும்பிய பிரயாணத்தைப் பற்றியுமே இங்குக் கூற விரும்புகிறோம். நாங்கள் போன காரியம் அந்த ஒரு நாளில்தான் முடிந்தது.

போன காரியம் என்ன என்பதை அன்பர்களிடம் மறைப்பானேன்? ஊரிலுள்ள பூர்வீக வீட்டை விற்றுவிடலாம் என்று சித்தப்பா மூன்று மாதங்களுக்கு முன் தொலைபேசியில் தெரிவித்திருந்தார். வாங்குவதற்கு ஆள் தயார். தாயாரும் கையெழுத்திட்டால் பத்திரம் முடிந்துவிடும். எங்கள் பங்குக்கு வரும் தொகையில் கரக்பூரின் மலஞ்சாப் பக்கம் ஒரு சிறு மனை வாங்கலாம் என்பது எங்கள் எண்ணம். நாங்கள் குடியிருப்பது ரெயில்வே குவார்ட்டர்ஸ். அறுபது வயதில் வேலை முடியும்போது வீட்டுச் சாவியையும் ஒப்படைத்தாக வேண்டும். அதற்கு இன்னும் இருபத்துநான்கு ஆண்டுகள் உண்டு என்றாலும், சாவியை ஒப்படைத்துவிட்டு எங்கே போவது என்ற கேள்வி இரவில் உறக்கத்தைக் கெடுக்கத்தான் செய்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்களில் அநேகருக்கு இது புதிய கவலை அன்று.

செய்தியைத் தாயாரிடம் கூறியபோது, “ஆகட்டும், பார்க்கலாம்” என்றார். அதன்பின் மூன்று மாதம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுப்பதற்கு எங்களுக்கும் துணிவில்லை. கடற்கரையில் நாலு நாள் காற்று வாங்கினால் மனம் இளகும், அப்போது மெல்லக் கேட்டுவிடலாம் என்று நாங்கள் கணவனும் மனைவியுமாகத் திட்டமிட்டோம். அதை நினைத்தால் இப்போது சற்று வெட்கமாகவே இருக்கிறது.

முதல் மூன்று நாட்கள் விரைந்து ஓடின. ஜகந்நாதர் கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன், கலிங்கத்துக் கங்க அரசனுக்குச் சோழ இளவரசி பெற்ற மைந்தன்; அவன் பெயரிலேயே சோழம் இருக்கிறது. கோயிலுக்கு அருகே எமார் மடம் என்றொரு பழைய மடம் இருந்தது. இராமானுசரைக் குறிக்கும் ‘எம்பெருமானார்’ என்னும் தமிழ்ச் சொல்லே ‘எமார்’ என மருவியது என்பர். கோயிலைச் சுற்றி இடம் விடுவதற்காக 2019-இல் இடிக்கப்பட்ட கட்டடங்களுள் அதுவும் ஒன்று. ஆனந்த பஜாரில் மண்சட்டியோடு விற்கும் மகாப்பிரசாதத்தை, முன்பின் அறியாதவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்டோம். வெங்காயமும் பூண்டும் மட்டுமன்றி, உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும்கூட அந்தச் சமையலில் சேர்வதில்லை. “காரம் இல்லாமலே இவ்வளவு ருசியா!” என்று தாயார் வியந்தார். இரண்டாம் நாள் கோணார்க்கம். மூன்றாம் நாள் கடற்கரை மணற் சிற்பங்களைக் கண்டு, மூத்தவனும் சிறியவளும் தாமும் ஒரு ரெயில் எஞ்சின் செய்தனர். 2014-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுதர்சன் பட்நாயக் என்னும் மணற் சிற்பி இந்தக் கடற்கரையில் வளர்ந்தவர் என்று கேட்டதிலிருந்து மூத்தவனுக்கு எழுத்தர் வேலையில் நாட்டம் குறைந்துவிட்டது. எங்கள் கேள்வி மட்டும் மூன்று நாளும் நாவிலேயே நின்றது.

நான்காம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தபோது, தாயார் குளித்து முடித்துப் போர்வையும் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். “இன்றைக்கு ஒரு நாள்தானே? மீன்காரர் இருக்கிற பக்கம் போய் வரலாம்” என்றார். குழந்தைகளை இல்லத்தரசியிடம் விட்டுவிட்டு இருவருமாகக் கடலோரம் கிழக்கே நடந்தோம். யாத்திரிகர் கூட்டமும், ஒட்டகமும், தேநீர்க் கடையும் மெல்லப் பின்தங்கின. பென்டகட்டா என்னும் மீனவர் குடியிருப்பின் முன்னே படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. மார்கழி மாதத்துச் சூரியன் அங்கே கடலிலிருந்தே எழுகிறான். அம்மாதங்களில் மாலையிலும் கடலிலேயே இறங்குகிறான். கரை தென்கிழக்கு நோக்கி வளைந்திருப்பதால் வரும் வாய்ப்பு இது.

அந்தக் குடியிருப்பில் வாழும் மீனவரை நுலியா என்பர். ஒரிய நாட்டில் வாழ்ந்தாலும் அவர்கள் வீட்டு மொழி தெலுங்கு. முன்னோர் ஆந்திரக் கடற்கரையிலிருந்து படிப்படியாக வடக்கே வந்து குடியேறியவர்கள். கடலில் நீராடுவோரைக் கைபிடித்து அழைத்துச் சென்று, அலையில் முக்கிக் கரை சேர்ப்பது இவர்களின் பழைய தொழில்களுள் ஒன்று. கூம்பு வடிவமான வெள்ளைத் தொப்பி அணிந்து நின்ற நுலியாக்களை அந்நாளைய பூரிப் புகைப்படங்களில் காணலாம். இப்போது அந்தத் தொப்பி அருகிவிட்டது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகளும், நம் தமிழ்ப் பெயரையே உலகெங்கும் கொண்டு சென்ற கட்டுமரங்களும் போய், மோட்டார் பூட்டிய கண்ணாடி நாரிழைப் படகுகள் வந்துவிட்டன.

ஒரு படகின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவரிடம் தாயார் தெலுங்கில் பேச்சுக் கொடுத்தார். கரக்பூர்க் குழாயடியில் நாற்பது ஆண்டு கற்ற தெலுங்கு அது; இலக்கணம் இராது, ஆனால் தடங்கலும் இராது. முதியவர் தலை நிமிர்ந்து, “அம்மா எந்த ஊர்?” என்று கேட்டார்.

எங்களுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இக்கேள்விக்குத் தாயார் கூறும் விடை ஒன்றே: “வேதாரண்யம் பக்கம்.” டாக்டர் கேட்டாலும் அதுதான், ரெயிலில் எதிரே அமர்ந்தவர் கேட்டாலும் அதுதான். அன்று அவர் சற்றே தயங்கி, “கரக்பூர்” என்றார்.

பிறகு இருவரும் புயலைப் பற்றிப் பேசலாயினர். 2019 மே 3-ஆம் நாள் ஃபானிப் புயல் பூரிக்கு அருகேதான் கரை கடந்தது. அதற்கு முன்பே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ஒடிஷா அரசு கரையோரங்களிலிருந்து பத்திரமான இடங்களுக்கு மாற்றியிருந்தது. முதியவரும் குடும்பத்தோடு புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் இருந்தாராம். திரும்பி வந்தபோது வீடு நின்றது, கூரை இல்லை. படகு இருந்தது, ஆனால் அது இருந்த இடம் வேறு. பல நாள் மின்சாரம் இல்லாமல் இருட்டில் கிடந்தோம் என்றார். தாயார் தம் பங்குக்குக் கஜாவைப் பற்றிக் கூறினார். ஃபானிக்கு ஆறு மாதம் முன்பு, 2018 நவம்பர் 16-ஆம் நாள், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல் அது. அந்த வட்டாரத்தின் தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த இருபத்திரண்டு மரங்களில் மூன்றே தப்பின. தந்தையார் தம் முதல் சம்பளத்தில் கன்று வாங்கி ஊன்றிய மரங்கள் அவை.

“இதே கடல்தான் அங்கேயும்” என்றார் தாயார்.

“ஆமாம் அம்மா, ஒரே தண்ணீர்” என்றார் முதியவர்.

“உங்கள் பெரியவர்கள் விட்டுவந்த ஊரில் வீடு வாசல் ஏதும் உண்டா?” என்று தாயார் வினவினார்.

முதியவர் சிரித்தார். ஸ்ரீகாகுளத்துப் பக்கம் ஓர் ஊர்ப் பெயரைப் பாட்டனார் சொல்லக் கேட்டதுண்டாம், போய்ப் பார்த்ததில்லையாம். “அங்கே போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?” என்று கூறிவிட்டு மீண்டும் வலையில் கண் வைத்தார். தாயார் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் கடல் ஸ்நானம் செய்தோம். இல்லத்தரசியும் குழந்தைகளும் வந்து சேர்ந்துகொண்டனர். பூரிக் கடல் விளையாட்டுக் கடல் அன்று. அலை உயர்ந்து எழுந்து கரைக்கு மிக அருகில் உடைகிறது; திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகிறது. நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும் என்று உயிர்காப்பாளர் அடிக்கடி ஊதல் ஊதி எச்சரிக்கின்றனர். கரையின் ஒரு பகுதி, தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றிதழை 2020-இல் பெற்றது. நாங்கள் நீராடியது அந்தப் பகுதியில்தான். முதல் மூன்று நாளும் கரையிலேயே அமர்ந்து செருப்புகளுக்குக் காவலிருந்த தாயார், அன்று தாமாகவே எழுந்து வந்தார். பேரன் ஒரு கையையும், காவற்காரர் ஒருவர் மறு கையையும் பற்றிக்கொள்ள, மூன்று முழுக்குப் போட்டார். மூன்றாம் முழுக்கில் எழுந்தபோது அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

விடுமுறையின் கடைசி நண்பகல் போல் துயரமான பொழுது வேறில்லை. ஈரத்துணிகள் உலரவில்லை, பெட்டியை எங்கே திறந்தாலும் மணல். வரும்போது எளிதில் மூடிய பெட்டி, திரும்பும்போது மூத்தவன் மேலே ஏறி அமர்ந்தாலும் மூடவில்லை. சிப்பிகள் ஒரு பை, பிப்பிலித் துணி வேலைப்பாட்டில் ஒரு தோரணம், ஓலைக் கூடையில் காஜா. மைதா மாவை மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, பொரித்து, சர்க்கரைப் பாகில் தோய்த்த இந்தப் பலகாரம் பல நாள் கெடாது. பூரிக்குப் போனவர் காஜா இல்லாமல் திரும்பினால் கரக்பூர்த் தெருவில் தலை காட்ட முடியாது. சிறியவள் ஒரு கண்ணாடிப் புட்டியில் கடல் நீரை நிரப்பி, அண்டை வீட்டு வங்காளித் தோழிக்குக் கடலைக் கொண்டு போவதாக அறிவித்தாள். செலவுக் கணக்கை எழுதிக் கூட்டிப் பார்த்தோம். வகுத்த தொகைக்கு மேல் எண்ணூறு ரூபாய் போயிருந்தது. அதில் பாதி ஒட்டகச் சவாரி.

மாலையில் கடைசி முறையாகக் கோயில் வாசலுக்குச் சென்றோம். நாள்தோறும் மாலை நேரத்தில் கோபுர உச்சியிலுள்ள நீலச் சக்கரத்தில் கொடி மாற்றுகின்றனர். அதற்கென உரிமையுள்ள குடும்பத்தார், இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த அக்கோபுரத்தில் கயிறோ ஏணியோ இல்லாமல், முதுகைக் கல்லோடு சாய்த்து ஏறுவதைக் கண்டால் நம் உள்ளங்கை வியர்க்கிறது. பழைய கொடி இறங்கிப் புதியது காற்றில் விரிந்தபோது தெருவெங்கும் ஆரவாரம் எழுந்தது. தாயார் கைகூப்பியவாறு நெடுநேரம் நின்றார். தந்தையார் ஆண்டுதோறும் சொன்ன “வருகிற வருஷம்” அன்று வந்து சேர்ந்தது போலும் என்று எங்களுக்குத் தோன்றிற்று.

பூரி ரெயில் நிலையம் 1897-இல் திறக்கப்பட்டது. தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது. அப்பால் ஊர், அப்பால் கடல். ஃபானியில் நிலையத்தின் மேற்கூரை பெருஞ்சேதம் அடைந்த படங்களை அப்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தோம். எங்கள் வண்டியாகிய ஸ்ரீ ஜகந்நாத் எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்கு மேல்தான் புறப்படும். எட்டு மணிக்கே நிலையத்துக்கு வந்துவிட்டோம். ரெயில்வேக்காரன் வண்டிக்குத் தாமதமாக வந்தான் என்ற பெயர் எடுக்கக் கூடாதல்லவா? குழந்தைகள் மூட்டைகளின் மேல் உறங்கிவிட்டனர். இல்லத்தரசி கண்ணால் சாடை காட்டினார். இப்போதாவது கேளுங்கள் என்பது அதன் பொருள். தொண்டையைச் சரிசெய்துகொள்வதற்குள் தாயாரே பேசினார்.

“உன் சித்தப்பாவுக்குச் சொல்லிவிடு தம்பி. கையெழுத்துப் போடுகிறேன்.”

எங்களுக்கு வாய் எழவில்லை. அவர் மேலும் கூறினார்: “இதற்குத்தானே கூட்டி வந்தீர்கள்? எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா? வீட்டிலேயே கேட்டிருக்கலாமே. கேட்பதற்கு ஒரு கடல் வேண்டுமா?”

இல்லத்தரசி தலை குனிந்துகொண்டார். மூன்று மாதம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டோம். “நீ கேட்பாய் என்று நானும் காத்திருந்தேன்” என்றார். இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்கக் கூடாதென்று மூன்று மாதம் ஊமையராய் இருந்திருக்கிறோம்!

அவர் விதித்தது ஒரு நிபந்தனை. “பத்திரம் கோடை லீவு கழிந்து ஆகட்டும். அதற்கு முன்னால் எல்லோரும் ஊருக்குப் போக வேண்டும். குழந்தைகள் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு வாரமாவது படுத்து எழட்டும். உங்கள் அப்பா வைத்த தென்னை மூன்று நிற்கிறதே, அதில் நெற்று எடுத்துக் கன்று போட்டு எடுத்து வர வேண்டும். வாங்குகிற மனையில் முதலில் அதை ஊன்று. வீடு அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.”

“கரக்பூர்ச் செம்மண்ணில் நம் ஊர்த் தென்னை பிழைக்குமா அத்தை?” என்று இல்லத்தரசி மெல்லக் கேட்டார்.

“நான் பிழைக்கவில்லையா?” என்றார் தாயார்.

வண்டி புறப்பட்டது. 44 கிலோமீட்டர் சென்றதும் குர்தா ரோடு. அங்கே எங்கள் கிளைப்பாதை சென்னை – ஹவுரா முதன்மைப் பாதையோடு சேர்கிறது. தெற்கே திரும்பினால் ஊர். வடக்கே திரும்பினால் கரக்பூர். இந்த வழியாக எத்தனையோ முறை சென்றிருந்தும், இந்தச் சந்திப்பை இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. புவனேசுவரம் கழிந்து காத்தஜோடி ஆறு. கட்டாக் கழிந்ததும் மகாநதி. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் சக்கரங்களின் ஓசையே மாறிவிடுகிறது. அரைத் தூக்கத்தில் இருந்த பிரயாணிகள் எழுந்து ஜன்னல் வழியே காசு எறிந்தனர். பிறகு பிராமணி, அதன் பின் வைதரணி. புராணங்களில் இறந்தோர் கடக்கும் நதிக்கும் இதுதான் பெயர். கீழ்ப் படுக்கையில் தாயார் எழுந்து அமர்ந்து, இருட்டில் கைகூப்புவது தெரிந்தது.

பின்னிரவில் பத்ரக்குக்கும் பாலசோருக்கும் இடையே ஒரு சிறு நிலையம் வரும். பெயர் பாஹானகா பஜார். எங்கள் வண்டி அங்கே நிற்பதில்லை. 2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னை சென்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதிற்று. தடம் புரண்ட அதன் பெட்டிகளால், பக்கத்துப் பாதையில் யஷ்வந்த்பூரிலிருந்து ஹவுரா நோக்கி வந்த வண்டியும் சிக்கியது. இறந்தோர் 290-க்கும் மேற்பட்டவர். அன்று பிற்பகல் கரக்பூரைக் கடந்து சென்ற வண்டி அது. நம்மவர் ஊருக்குச் செல்லும் வண்டி. எங்கள் அலுவலகத்தில் அன்றிரவு தொலைபேசி ஓயவில்லை. இப்போது விளக்குகள் ஒருகணம் ஜன்னலில் ஓடி மறைந்தன. சிறியவளின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, பாலசோர் வரும் வரை விழித்திருந்தோம். ரெயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் அந்த இடத்தில் உறங்குவதில்லை என்றே எண்ணுகிறோம்.

சுவர்ணரேகை ஆற்றைத் தாண்டி, வங்காள எல்லையில் நுழைந்து, ஹிஜ்லியும் கடந்து கரக்பூர் வந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை. 1,072.5 மீட்டர் நீளமுள்ள கரக்பூர் நடைமேடை ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது. இன்று 1,507 மீட்டர் கொண்ட ஹூப்ளி அப்பெருமையை ஏற்றுவிட்டது. பெருமை போயினும் நீளம் குறையவில்லை என்பதை, மூட்டைகளோடு நடந்தவர்கள் அறிவார்கள். கைவண்டிக்காரர் ஒருவர் எங்கள் தாயாரைப் பார்த்து, எங்கே போய் வருகிறீர்கள் என்று தெலுங்கில் விசாரித்தார். “கடலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருகிறோம்” என்று அவர் விடையளித்தார். குவார்ட்டர்ஸை அவர் ‘வீடு’ என்று கூறி நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை.

கதவைத் திறந்ததும் தாயார் விளக்கேற்றினார். காஜா ஏழு வீடுகளுக்குப் பங்கிடப்பட்டது. சிறியவளின் புட்டியில் கடல் இல்லை. கலங்கிய நீரும், அடியில் ஒரு விரற்கடை மணலும்தான் இருந்தன. ஆனால் அண்டை வீட்டுத் தோழி காதில் வைத்துப் பார்த்துவிட்டு, அலை ஓசை கேட்கிறது என்று உறுதியாகக் கூறினாள்.

பூரி செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர்க் கடைசி வாரத்திலும் துர்க்கா பூஜைக் காலத்திலும் கூட்டம் மிகுதி. வண்டியிலும் விடுதியிலும் முன்கூட்டியே இடம் பதிந்துகொள்க. உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் நீராடுக. குழந்தைகளின் கையை ஒரு நொடியும் விடற்க. ஆனந்த பஜாருக்கு நண்பகலுக்குப் பின் சென்றால் பிரசாதம் சூடாகக் கிடைக்கும். விடியற்காலையில் மீனவர் கரைக்கு ஒரு நடை போய் வருக. தெலுங்கு தெரிந்த பெரியவர் உடனிருந்தால் இன்னும் நல்லது. வீட்டுப் பெரியவரிடம் கேட்க வேண்டியது ஏதேனும் இருந்தால், புறப்படும் முன்பே வீட்டில் கேட்டுவிடுக.

சித்தப்பாவிடம் தாயாரே தொலைபேசியில் பேசினார். பேச்சு நீண்டது, இருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஒருமுறை உரக்கச் சிரித்தார். வாங்குபவரும் கோடை வரை பொறுப்பதாகக் கூறிவிட்டாராம். மூன்று மரங்களிலிருந்தும் முற்றிய நெற்றாகப் பொறுக்கி ஆறு காய்களைச் சித்தப்பா கொல்லை மணலில் புதைத்து, நாள்தோறும் நீர் வார்த்து வருகிறார். மே மாதத்துக்குள் முளை விட்டிருக்கும் என்கிறார். ஊருக்குப் பாஸ் கேட்டு விண்ணப்பித்துவிட்டோம். போகும் வழியில் ஐவர்க்கு ஐந்து இடம். திரும்பும் வழியில் தென்னங்கன்றுகளைப் படுக்கையின் அடியில் வைப்பதா, தலைமாட்டில் வைப்பதா என்பது பற்றி வீட்டில் இப்போதே வாதம் நடக்கிறது.